யாழ்ப்பாணத்திலிருந்து பட்டப்பின் படிப்புக்கு: அறிவித்தலில் இருந்து பதிவு வரை

கம்பஸ் முடித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், வருகிற மாமாமாரும் சித்திமாரும் கேட்கும் அடுத்த கேள்வி "மாஸ்டர்ஸ் செய்யேல்லையோ?" என்பதுதான். வேலைக்குப் போனாலும் தப்ப முடியாது. பக்கத்து மேசைக்காரர் முதுமாணி முடித்துவிட்டார், பதவி உயர்வு வருகிறது என்ற கதை அங்கும் காத்திருக்கும். இந்த அவசரத்தில் பலர் பேப்பரில் முதலில் கண்ட அறிவித்தலுக்குப் படிவம் நிரப்பிவிடுகிறார்கள். அது தங்களுக்குப் பொருந்துமா, முடித்தபின் எங்கே செல்லும் என்பதெல்லாம் பிறகுதான் யோசனைக்கு வரும்.

நான் சொல்லும் முறை தலைகீழானது. படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வரும் நாளில் இருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

முதல் வேலை: சான்றிதழை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?

ஒரே "மாஸ்டர்ஸ்" என்றாலும் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மதிப்பு வேறு. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நிரந்தரமாகி மேலே போக வேண்டும் என்றால், ஆய்வுப் பகுதியோடு கூடிய இரண்டு வருட முதுமாணி கேட்பார்கள். வார இறுதியில் பாடம் மட்டும் படித்த ஒரு வருட முதுமாணி அங்கே உதவாது. பாடசாலை ஆசிரியருக்கு முதலில் தேவை பட்டப்பின் கல்வி டிப்ளோமா. தனியார் வங்கியில் இருப்பவருக்கு எம்.பி.ஏ. போதும். கனடாவுக்குப் போக நினைப்பவருக்கு இங்கே எடுத்த பட்டம் அங்கே எப்படி மதிப்பிடப்படும் என்பதுதான் முக்கியம்.

ஆகவே உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பையோ (பதவிக்கு வேண்டிய தகைமைகளைச் சொல்லும் அரச ஆவணம்), போக நினைக்கும் வேலையின் பழைய விளம்பரம் ஒன்றையோ எடுத்து, அதில் கல்வித் தகைமை என்ற பகுதியை வடிவாக வாசியுங்கள். அரச சேவையில் இருந்தால் நிர்வாகக் கிளையில் ஒருமுறை கேட்டாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது: உங்கள் கையில் இருக்கும் பட்டம் எந்த மட்டம்?

எஸ்.எல்.கியூ.எஃப். என்று சொல்லப்படும் இலங்கைத் தகைமைகள் சட்டகம்தான் இதற்கு அளவுகோல். மொத்தம் 12 மட்டங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8, பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9, பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10, முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11, கலாநிதிப் பட்டம் (பிஎச்.டி.) 12.

9 க்கும் 10 க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. 9 ஆம் மட்டத்துக்கு ஆகக் குறைந்தது 30 கிரெடிட். 10 ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட், அதில் 15 ஆவது ஆய்வாக இருக்க வேண்டும். பாடநெறியில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல் வேலை, ஆய்வுக்கு அதைவிடக் கூட. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியென்றால் 60 கிரெடிட்டுக்கு ஆகக் குறைந்தது 3,000 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் ஏறக்குறைய 29 மணித்தியாலம் வரும். சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனால் சரி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. வேலை, வீடு, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக அந்த 29 மணித்தியாலம் எங்கே இருந்து வரும்?

பொதுப் பட்டக்காரருக்குக் கதவு பூட்டியிருக்கிறது என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. அது சரியல்ல. பல முதுமாணிகள் சிறப்புப் பட்டத்தையோ இரண்டாம் வகுப்பையோ கேட்பது உண்மை. ஆனால் பொதுப் பட்டத்தோடு வேலை அனுபவம், அல்லது அதே துறையில் பட்டப்பின் டிப்ளோமா, அல்லது ஒரு தகுதிகாண் பரீட்சை என்று மாற்று வழிகளும் ஒழுங்குவிதியில் இருக்கும். முதல் நிபந்தனையை வாசித்துவிட்டுப் படிவத்தை மடித்து வைக்காமல் "அல்லது" என்று தொடங்கும் வரிகளையும் கடைசி வரை பாருங்கள்.

மூன்றாவது: எங்கே என்ன இருக்கிறது

அருகில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. உயர் பட்டப்படிப்புகள் பீடம் தனியாக இருக்கிறது. தமிழ், சைவசித்தாந்தம் போன்ற துறைகளில் முதுகலைமாணி, எம்.பி.ஏ., கல்வி டிப்ளோமா, ஆய்வுப் பட்டங்கள் என்று பரந்து கிடக்கிறது. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் சார்ந்தவர்கள் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் விசாரிக்க வேண்டும். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டதால் அதன் அறிவித்தல்கள் இப்போது தனியாக வரும். திறந்த பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

தெற்கே போனால் பட்டப்பின் படிப்பு நிறுவகங்கள் துறைக்கு ஒன்றாக இருக்கின்றன. விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பேராதனையில், முகாமைத்துவத்துக்கு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் கீழ், தொல்லியலுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ், மருத்துவத்துக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ். கணினிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் மொரட்டுவையும்.

கொழும்பில் வார இறுதி வகுப்பு என்றால் யாழ்ப்பாணத்தவருக்கு அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலை நேரே கந்தோர். முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். பயணமும் தங்குமிடமும் சேர்த்துப் பார்த்தால் சில வேளை கற்கைக் கட்டணத்தைத் தாண்டிவிடும். இலங்கையில் முதல் பட்டம் இலவசம் என்றாலும், பட்டப்பின் பாடநெறிகள் பெரும்பாலும் காசு கட்டித்தான். கட்டணத்தை விசாரிக்கும்போது மொத்தத் தொகையோடு நிற்காமல் பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், காலம் நீடித்தால் வருடாவருடம் கட்ட வேண்டியது ஆகியவற்றையும் கேளுங்கள். ஆய்வறிக்கை இழுபட்டால் கடைசியில் சொன்னதுதான் ஆளைக் கடிக்கும்.

நகருக்குள் பதாகை கட்டியிருக்கும் தனியார் நிறுவனங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் காசு கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், இங்கே இருக்கும் நிறுவனத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு, சான்றிதழில் எந்தப் பெயர் அச்சிடப்படும். உள்நாட்டு நிறுவனமாக இருந்தால் அந்தப் பட்டத்துக்குரிய அனுமதி அதற்கு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாக இருந்தால், அது அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே கேட்கலாம். கொமன்வெல்த் பல்கலைக்கழகங்கள், உலகப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் சர்வதேசப் பட்டியல்களைப் பார்த்து ஆணைக்குழு பதில் சொல்லும். "அங்கீகாரம் எல்லாம் இருக்கு தம்பி" என்று வரவேற்பு மேசையில் சொல்வதை அரச நேர்முகத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

நான்காவது: அறிவித்தலை வாசிப்பது

அறிவித்தலில் பெரிய எழுத்தில் இருப்பது பாடநெறியின் பெயர். உங்கள் விதியைத் தீர்மானிப்பது சிறிய எழுத்து. மொழிமூலத்தை முதலில் பாருங்கள். தமிழ், சைவசித்தாந்தம் தமிழில் நடக்கும், எம்.பி.ஏ., விஞ்ஞானம், கணினி எல்லாம் ஆங்கிலம். அடுத்தது தகைமை எந்தத் திகதியில் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது. பொதுவாக விண்ணப்ப முடிவுத் திகதிதான் அது. இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது பட்டமளிப்பு விழாத் திகதி அல்ல, பட்டம் வலுவுக்கு வரும் திகதி. அது பெறுபேற்றுப் பத்திரத்தில் இருக்கும், விழாவுக்குப் பல மாதம் முந்தியதாகவும் இருக்கும். பட்டமளிப்பு நடக்கவில்லையே என்று ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பதிவாளர் பகுதியில் பெறுபேற்றை உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்து இணைத்தால் பல இடங்களில் ஏற்பார்கள்.

வேலை அனுபவம் கேட்டால் அது பட்டத்துக்குப் பின்னான அனுபவமா, துறை சார்ந்ததா என்று கவனியுங்கள். அரச ஊழியர் நிறுவனத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும் என்றிருந்தால் படிவம் உங்கள் அதிபரிடமோ திணைக்களத் தலைவரிடமோ போய் அங்கிருந்துதான் வெளியேறும். ஆசிரியர் என்றால் வலயக் கல்வி அலுவலகத்தையும் தாண்ட வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு மேசையிலும் அது சில நாள் இருக்கும். முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்னர் கொண்டுபோய் நீட்டினால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. முற்பிரதி ஒன்றை நேரடியாக அனுப்பலாமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு, ஆம் என்றால் அதை உடனே அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாவது: ஆவணக் கோப்பு

இதை அறிவித்தல் வந்த பிறகு தொடங்குபவர்கள்தான் ஓடித் திரிகிறார்கள். விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த அன்றே தொடங்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஆகப் பெரிய தலையிடி பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தனிக் கூட்டில் இருக்கும். அடையாள அட்டையில் அது முன்னால் வந்து ஒட்டியிருக்கும். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரிடத்தில் டி க்குப் பின் எச் இருக்கும், மற்றதில் இராது. உள்ளூர் விண்ணப்பத்துக்கு இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. வெளிநாட்டுக்கு ஆகும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கலியாணத்தின் பின் பெயர் மாற்றியவர்களுக்கு விவாகச் சான்றிதழும் வேண்டும்.

அப்புறம் பெறுபேற்றுப் பத்திரம். பாடவாரியாகப் புள்ளியோடு உள்ள விரிவான பத்திரத்தைப் பரீட்சைக் கிளையில் விண்ணப்பித்து எடுக்க வேண்டும். சில இடங்களுக்கு மூடி முத்திரையிட்ட உறையில் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். எத்தனை பிரதி தேவை என்று முதலே எண்ணி ஒரே தடவையில் கேளுங்கள். கற்பித்த மொழி எது என்ற கடிதத்தையும் அதோடு சேர்த்துக் கேட்டால் இரண்டாம் தடவை ஏறி இறங்கத் தேவையில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போவது ஒரு பழக்கம். உங்களை முகம் தெரியாத பேராசிரியர் எழுதும் நாலு வரியைவிட, உங்கள் இறுதி வருட ஆய்வை மேற்பார்த்த இளம் விரிவுரையாளர் எழுதும் ஒரு பக்கம் பாரமானது. அவரிடம் வெறுங்கையோடு போகாமல் உங்கள் பெறுபேறு, ஆய்வுத் தலைப்பு, விண்ணப்பிக்கும் பாடநெறியின் விபரம், கடிதம் போய்ச் சேர வேண்டிய திகதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஆய்வுப் பட்டம் செய்பவர்களுக்கு

முதுதத்துவமாணிக்கும் கலாநிதிக்கும் படிவம் கடைசி வேலை. மேற்பார்வையாளர் கிடைப்பதுதான் முதல் வேலை. உங்கள் தலைப்பில் யாருக்கும் ஈடுபாடு இல்லையென்றால் தகைமை எவ்வளவு இருந்தும் பயனில்லை. பல இடங்களில் முதுதத்துவமாணியாகப் பதிந்து, முன்னேற்றத்தைப் பார்த்துக் கலாநிதிக்கு உயர்த்துவார்கள். ஆதலால் முதல் நாளே கலாநிதி என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை.

முன்மொழிவில் எங்கள் பிள்ளைகள் விடும் பிழை அகலம். "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்" என்று ஒரு தலைப்பு வரும். சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் நீர், தோட்டத்து உரம் ஊறி இறங்குகிறது, உண்மைதான். ஆனால் அது ஒரு ஆளின் ஆயுள் முழுவதற்கும் போதும். "உரும்பிராய், கோண்டாவில் தோட்டக் கிணறுகளில் வெங்காயப் பயிர்க் காலத்துக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று அளவு எப்படி மாறுகிறது" என்றால் எங்கே போவது, எப்போது மாதிரி எடுப்பது, எதை அளப்பது, எந்த ஆய்வுகூடம் தேவை எல்லாம் தலைப்பிலேயே இருக்கிறது. கேள்வி, ஏற்கெனவே யார் என்ன செய்தார்கள், நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள், எப்படிச் செய்வீர்கள், எத்தனை மாதம். இவ்வளவும் நாலைந்து பக்கத்தில் அடங்கினால் போதும்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் நீள வேண்டாம். இப்படி இருந்தால் சரி:

"வணக்கம் சேர். நான் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இறுதி வருடத்தில் கிணற்று நீரின் வன்மை பற்றிச் செய்தேன். உங்கள் நைத்திரேற்றுக் கட்டுரையை வாசித்தேன். பருவத்துக்குப் பருவம் மாறும் அளவை நீங்கள் எடுக்கவில்லை என்று கண்டேன். அதைத் தொடர விரும்புகிறேன். இரண்டு பக்கச் சுருக்கம் இணைத்துள்ளேன். நேரில் சந்திக்க ஒரு நேரம் தருவீர்களா?"

அவருடைய கட்டுரையை உண்மையாகவே வாசித்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நேரே துறைக்குப் போய்க் கதவைத் தட்டுவதும் இங்கே குற்றமில்லை.

மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர்

இவர்கள் மூவருக்கும் பாதை தனி.

விசேட வைத்திய நிபுணர் ஆக வேண்டும் என்றால் வழி கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம்தான். உள்ளகப் பயிற்சி முடித்து, இலங்கை மருத்துவச் சபையில் முழுப் பதிவு பெற்று, அதன் பின்னான சேவைக் காலத்தையும் முடித்தபின் தெரிவுப் பரீட்சை. அதன்பின் பயிற்சி, எம்.டி. பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் சபைச் சான்றுப்படுத்தல், அதாவது நிபுணர் என்று ஏற்கும் இறுதிச் சான்று. யாழ். போதனா வைத்தியசாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆயத்தமாகலாம் என்றாலும், ஒவ்வொரு துறைக்கும் கையேடு வேறு. இருதயத்துக்குப் படித்த நண்பனின் அனுபவத்தை வைத்து மகப்பேற்றுத் துறைக்குத் திட்டம் போட வேண்டாம்.

சட்டத்துக்கு இரண்டு வாசல். உயர்தரத்தோடு கொழும்பு சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதிப் போவது ஒன்று. யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சட்டமாணி முடித்து, நுழைவுப் பரீட்சை இல்லாமல் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளுக்குத் தோற்றுவது மற்றது. இரண்டிலும் பயிலுநர் காலம் முடித்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. சட்டமாணி மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றில் தோன்ற முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அந்தப் பழைய செய்தியை வைத்து இப்போதும் தமிழ்மொழிமூலப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்குச் சுருக்கமாக: பட்டப்பின் கல்வி டிப்ளோமா முதலில், கல்வியில் முதுமாணி பிறகு. டிப்ளோமாவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் நடத்துகின்றன. கற்பித்தல் பயிற்சி அதற்குள் வரும் என்பதால் உங்கள் அதிபரிடம் நேரசூசி பற்றி முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

எங்களூரில் பாதிப் பேரின் மனம் கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிரித்தானியாவில் முதல் பட்டமே பொதுவாக மூன்று வருடம். ஆகவே உங்கள் பொதுப் பட்டத்தின் நீளம் அங்கே பெரிய தடையில்லை, வகுப்பைத்தான் பார்ப்பார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்ப்பது வழமை. மூன்று வருடப் பொதுப் பட்டக்காரர் இங்கே ஒரு பட்டப்பின் டிப்ளோமாவோ முதுமாணியோ முடித்துவிட்டுப் போவது பலமான வழி. பட்டத்தை மதிப்பிடும் நிறுவனங்கள் பெறுபேற்றை நேரடியாகப் பல்கலைக்கழகத்திடம் இருந்து கேட்பதால் அதற்கு மாதக்கணக்கில் இடம் விடுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். விண்ணப்பம் ஆயத்தமாக முன்னரே எழுதி வைத்துவிட்டுக் காலாவதியாக்காதீர்கள்.

ஆவணங்களை வெளிவிவகார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. இந்தியாவில் படிக்க விரும்புவோருக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன, விபரம் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். பிரித்தானியாவுக்கு அந்நாட்டு அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடிந்தபின் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பும் எண்ணம் இல்லாதவர்கள் அதற்கு நேரம் செலவழிக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

அரச ஊழியர் கற்கை விடுமுறையில் போனால் பிணை முறி எழுத வேண்டிவரும். எத்தனை வருடம் திரும்பி வந்து சேவை செய்ய வேண்டும், மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும், யார் பிணை நிற்பது என்பதை வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள். பிணை நிற்பவர் பெரும்பாலும் உங்கள் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

தெரிவும் பதிவும்

முகாமைத்துவம், கணினி போன்றவற்றுக்குத் தெரிவுப் பரீட்சை வைப்பது வழக்கம். மொழி, கணிப்பு, தர்க்கம் ஆகியவை வரும். உயர்தரக் கணிதத்தை விட்டுப் பத்து வருடம் ஆனவர்களுக்கு நேரம் பிடித்துப் பழகுவதே போதுமான ஆயத்தம். நேர்முகத்தில் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: ஏன் இந்தப் பாடநெறி, வேலையோடு எப்படிச் சமாளிப்பீர்கள். இரண்டாவதற்கு "சமாளிப்பேன் சேர்" என்பது பதில் ஆகாது. எந்த நாள் மாலை, எந்த வார இறுதி, யார் பிள்ளைகளைப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடிந்தவருக்கு மதிப்பு கூட.

தெரிவான கடிதம் வந்தால் அதில் பதிவுக்கான கடைசித் திகதியும் மூலப் பிரதிகளின் பட்டியலும் இருக்கும். திகதி தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். தெரிவாகவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். தகைமை போதாதா, இடம் போதாதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வருடம் அதே படிவத்தை நிரப்புவதா, நடுவில் ஒரு டிப்ளோமா செய்வதா என்று முடிவெடுக்கலாம்.

பதிந்தபின் ஆகக் கூடிய காலம் எத்தனை வருடம், பதிவை எப்போது புதுப்பிக்க வேண்டும், சுகவீனம் அல்லது பிரசவம் என்றால் இடைநிறுத்தம் எப்படிக் கேட்பது என்பவற்றை அந்த வாரமே ஒழுங்குவிதியில் பார்த்துக் கலண்டரில் குறித்துவிடுங்கள். ஆய்வுப் பட்டக்காரர்கள் முன்னேற்ற அறிக்கைத் திகதிகளையும் அதே கலண்டரில் போட வேண்டும்.